சின்ன ஜூம் ஃபிலிம் கேமரா: தினமும் பையில் வைத்துப் பார்த்ததில்

ஜூம் உள்ள சின்ன ஃபிலிம் கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் ஜூம் ஆகும்?" என்பதுதான். கேமராவின் முகப்பிலேயே 38-140 என்று (லென்ஸின் குவியத்தூரம், மிமீ-இல்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும்) பெரிதாக அச்சடித்திருப்பதால் அப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்பு. நான் இந்த ரகக் கேமரா ஒன்றை வேலைக்குப் போகும் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். வீடு, பேருந்து, நண்பர்களோடு நடை, மழை நாள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: 140 என்ற எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். தினசரிப் பயன்பாட்டைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள்.

என் கேமராவின் பெயரை இங்கே எழுதவில்லை. 1990களில் பெரிய நிறுவனங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் இதைச் செய்தன. பிளாஸ்டிக் உடல், நகரும் மூடி அல்லது ஒரு பவர் பட்டன், வெளியே நீளும் குழாய் லென்ஸ், மேலே ஒரு சின்னத் திரை, மூலையில் ஃபிளாஷ். நான் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும்.

இந்த வகையைத் தொடங்கிவைத்தது 1986-இல் வந்த பென்டாக்ஸ் ஜூம் 70. 35 மிமீ ஃபிலிம் போடும் காம்பாக்ட், அதாவது கையடக்கக் கேமராவுக்குள்ளேயே ஜூம் லென்ஸை வைத்த முதல் கேமரா அது. 35-இலிருந்து 70 வரைதான் போகும். அதற்கப்புறம் போட்டி கிளம்பிவிட்டது. 105, 115, 140, 160 என்று ஏறி 200 வரைக்கும் போனார்கள். கேமராவின் உருவம் மட்டும் சின்னதாகிக்கொண்டே வந்தது. லென்ஸ் நீள வேண்டும், உடல் சுருங்க வேண்டும் என்றால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுத்தது வெளிச்சத்தை.

என் கேமராவில் 38 மிமீ-இல் லென்ஸ் எஃப்4. முழுக்க ஜூம் செய்து 140-க்குப் போனால் எஃப்11. இந்த எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும். எஃப்4-க்கும் எஃப்11-க்கும் இடையே மூன்று ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது. அதாவது, ஜூம் முழுக்க நீண்டதும் ஃபிலிமுக்குப் போகும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. காரணம் எளிய வகுத்தல்தான். 38-ஐ 4-ஆல் வகுத்தால் லென்ஸின் திறப்பு ஒன்பதரை மிமீ. 140-ஐ 11-ஆல் வகுத்தால் பன்னிரண்டே முக்கால் மிமீ-க்குப் பக்கம். குவியத்தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகிறது, திறப்போ கொஞ்சம்தான் பெரிதாகிறது. பாக்கெட்டில் நுழைய வேண்டிய குழாய்க்குள் அதற்கு மேல் பெரிய கண்ணாடியை வைக்க இடம் இல்லை.

இது வெறும் கணக்காகத் தெரியலாம். படத்தில் எப்படி வரும் என்று பார்ப்போம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டிருக்கிறோம் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் வேகம்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்). நல்ல வெயில் நாள், ஆனால் நாம் படம் எடுக்கும் ஆள் கட்டடத்தின் நிழலில் நிற்கிறார். நல்ல வெயிலில் எஃப்16 வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக (400 என்றால் 1/400) வைக்கச் சொல்லும் பழைய 'வெயிலுக்கு எஃப்16' விதிப்படி திறந்த நிழலுக்கு எஃப்4, 1/400 நொடி போதும். 38 மிமீ-இல் எந்தச் சிக்கலும் இல்லை. அதே ஆளை அதே இடத்தில் 140-க்கு இழுத்தால் ஷட்டர் 1/50-க்கு இறங்கிவிடும். கையில் பிடித்து எடுக்கும்போது குவியத்தூரத்தின் தலைகீழ் எண்ணுக்குக் குறையக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 140-க்கு 1/140 வேண்டும். 1/50-இல் கை ஆட்டம் படத்தில் வந்தே தீரும். நிழலுக்கே இந்தக் கதி என்றால் மாலை நேரத்தை யோசித்துப் பாருங்கள். நீண்ட ஜூமில் எடுத்த படங்கள் மசமசவென்று வருகின்றன, லென்ஸ் மட்டம் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது லென்ஸின் குறை இல்லை, கை அசைந்திருக்கிறது.

ஃபிளாஷுக்கும் இதே கணக்குதான். சின்ன கேமராவின் ஃபிளாஷுக்கு ஐஎஸ்ஓ 400-இல் வழிகாட்டி எண், அதாவது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண், 22 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஃப்4-ஆல் வகுத்தால் ஐந்தரை மீட்டர் வரை எட்டும். எஃப்11-ஆல் வகுத்தால் இரண்டே மீட்டர். தூரத்தில் இருப்பவரைக் கிட்டத்தில் காட்டத்தான் ஜூம் செய்கிறோம், அப்படிச் செய்ததுமே ஃபிளாஷ் அவருக்கு எட்டாமல் போய்விடுகிறது. மேடை நிகழ்ச்சியைக் கடைசி வரிசையிலிருந்து முழு ஜூமில் எடுத்தால் முன் வரிசைத் தலைகள் மட்டும் வெளுத்து, மேடை இருண்டு வருவது இதனால்தான்.

அதனால் ஃபிலிம் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஜூம் காம்பாக்ட்டுக்கு 400-தான் அடிப்படை. வண்ணத்துக்குக் கோடாக் அல்ட்ராமேக்ஸ் 400, கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ். நாள் முழுக்க வெட்டவெளியில்தான் இருக்கப்போகிறோம் என்றால் கோடாக் கோல்ட் 200 அழகாக இருக்கும், ஆனால் அந்த ரோல் முடிவதற்குள் வீட்டுக்குள்ளும் நாலு படம் எடுக்கத் தோன்றும். தினமும் கூடவே வரும் கேமராவில் எந்த வெளிச்சம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. ஒரு ஸ்டாப் கூடுதலாக விழுந்தால் ஸ்கேனில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல்கள் சேறு மாதிரி கலங்கி, கறுப்பு சாம்பலாகி, பொரிப்பொரியாக வரும்.

இந்தக் கேமராக்களில் ஐஎஸ்ஓவை நாமே வைக்க வழி கிடையாது. ஃபிலிம் உருளையின் மேல் இருக்கும் வெள்ளி, கறுப்புக் கட்டங்களைக் கேமரா தானாகப் படித்துக்கொள்ளும். 1983-இல் கோடாக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு அது. குறியீடு இல்லாத உருளையைப் போட்டால் பெரும்பாலான கேமராக்கள் அதை 100 என்று எடுத்துக்கொள்ளும். சில எளிய மாடல்களுக்கு எல்லா எண்களும் தெரியாது, 100, 400 இரண்டை மட்டும்தான் பிரித்தறியும். மொத்த ஃபிலிமிலிருந்து கையால் சுற்றிய உருளைகளைப் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 800 வேகப் படச்சுருளை 100 என்று நினைத்துக் கேமரா எடுத்தால் மூன்று ஸ்டாப் கூடிவிடும், வெளிச்சம் குறைந்த இடத்தில் தேவையே இல்லாமல் ஃபிளாஷும் அடிக்கும்.

ஃபிளாஷ் என்றதும் இந்த ரகத்தின் பெரிய தலைவலிக்கு வருகிறேன். பல காம்பாக்ட்களில் கேமராவை மூடித் திறந்தால் ஃபிளாஷ் 'ஆட்டோ'வுக்குத் திரும்பிவிடும். ஃபிளாஷ் வேண்டாம் என்று வைத்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. என் கேமராவும் அப்படித்தான். மூடியைத் திறப்பேன், லென்ஸ் 'ஸ்ஸ்' என்று வெளியே வரும், கட்டைவிரல் தானாக மின்னல் குறி போட்ட பட்டனுக்குப் போய்விடும். ஆட்டோ, சிவப்புக் கண் தடுப்பு, ஃபிளாஷ் நிறுத்தம். திரையில் மின்னலின் குறுக்கே வட்டமும் கோடும் வந்தபின்தான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு முறையும் இது. தூங்கும் குழந்தை, அமைதியான நூலகம், எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் மனிதர் என்று ஃபிளாஷ் அடிக்கவே கூடாத இடங்கள்தான் ஒரு நாளில் அதிகம். ஆகவே கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஜூமை இல்லை. ஃபிளாஷை நிறுத்தி, கேமராவை அணைத்து, திரும்பவும் போடுவேன். நிறுத்தம் அப்படியே இருந்தால் அந்தக் கேமராவுக்கு என்னிடம் பெரிய மதிப்பு.

சிவப்புக் கண் தடுப்பை நான் தொடுவதே இல்லை. படத்துக்கு முன்னால் படபடவென்று சின்ன வெளிச்சங்கள் வந்து, அதற்கப்புறம்தான் ஷட்டர் விழும். படம் எடுத்தாயிற்று என்று நினைத்து எல்லாரும் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். பகலில் ஆளுக்குப் பின்னால் வானம் வெளுத்திருக்கும்போது கட்டாய ஃபிளாஷ் மட்டும் ரொம்ப உபயோகம். 38 மிமீ-இல், இரண்டு மூன்று மீட்டரில், முகத்தின் நிழலை அளவாக எடுத்துக்கொடுக்கும்.

குறை சொல்லிக்கொண்டே போகிறேன், ஆனால் இந்தக் கேமராவை நான் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது ஜூமின் நடுப்பகுதி.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அத்தையை எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நூலின் நுனியை உதட்டில் ஈரப்படுத்திக் கோக்கிற நேரம். 38 மிமீ-இல் அந்த முகமும் கையும் படச்சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் முக்கால் மீட்டருக்கு உள்ளே போயிருக்க வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் மூக்கு முன்னால் துருத்தி, காது பின்னால் ஒதுங்கி, முகமே வேறாகிவிடும். அதைவிட முக்கியம், அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நான் அறையின் இந்தப் பக்கம் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஜூம் பட்டனை ஒரு தட்டுத் தட்டி 70 மிமீ பக்கம் கொண்டுவந்தேன். "இன்னும் எடுக்கலையா?" என்றார், தலையைத் திருப்பாமல். "இருங்க அத்தை, ஒண்ணுதான்." எச்பி5, ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் இல்லை. பிரிண்டில் ஊசியின் முனையில் ஒரு புள்ளி வெளிச்சமும் விரல் நகத்தின் வரிகளும் தெரிகின்றன. பின்னால் இருக்கும் திரைச்சீலை சற்றே மங்கியிருக்கிறது. முகம் அவர் முகமாகவே இருக்கிறது.

50-இலிருந்து 80 மிமீ வரை உள்ள இந்தப் பகுதியில் வெளிச்ச இழப்பு இன்னும் கைமீறிப் போகவில்லை. முகங்களுக்கு அந்தக் கோணம் இதமானது. ஆளை நெருங்கித் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நிலையான 35 மிமீ லென்ஸ் உள்ள காம்பாக்ட்களை நான் மதிக்கிறேன். ஒலிம்பஸ் மியூ 2-இன் 35 மிமீ லென்ஸ் எஃப்2.8, அதாவது என் கேமரா ஆக அகலமாக, 38 மிமீ-இல், இருக்கும்போது தருவதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம். இருட்டில் அதற்கு இது ஈடாகாது. ஆனால் மேலே சொன்ன அத்தையின் படத்தை அதில் எடுக்க முடியாது. தெருவையும் அறையையும் அதிகம் எடுப்பவருக்கு நிலையான லென்ஸ். வீட்டு மனிதர்களை அதிகம் எடுப்பவருக்கு ஜூம். நான் இரண்டாவது வகை.

ஒரு குறை. இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை இப்போது எந்தக் குவியத்தூரத்தில் நிற்கிறோம் என்று காட்டுவதில்லை. வ்யூஃபைண்டரில் தெரியும் அளவை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். எனக்குப் பழகிவிட்ட முறை: முதலில் முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, பட்டனை ஒரே ஒரு சின்னத் தட்டு. கேமராவுக்குக் கேமரா இது மாறும், ஃபிலிம் போடாமலே வீட்டில் பழகிக்கொள்ளலாம்.

வ்யூஃபைண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லென்ஸோடு சேர்ந்து அதுவும் ஜூம் ஆகும், ஆனால் அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனி ஜன்னல். ஆகவே ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாது, ஃபோகஸ் ஆனதும் எரியும் பச்சை விளக்கை நம்ப வேண்டும். ஒரு மீட்டருக்குள் எடுக்கும்போது நாம் பார்க்கிற சட்டமும் லென்ஸ் பார்க்கிற சட்டமும் விலகிவிடும். உள்ளே அதற்கென்று சின்னக் கோடுகள் போட்டிருப்பார்கள், கிட்டத்துப் படங்களில் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். தூரத்தில் கதை வேறு. நாம் பார்ப்பதைவிட ஃபிலிமில் ஓரம் கொஞ்சம் அதிகமாகவே விழும், அதனால் இறுக்கமாகவே சட்டமிடலாம்.

ஆட்டோஃபோகஸ் நடுப்புள்ளியைத்தான் பார்க்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகப் பின்சுவருக்குப் போய்விடும். ஒருவர் முகத்தின் மேல் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, திரும்பச் சட்டமிட்டு, முழுக்க அழுத்த வேண்டும். அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரம் அளக்கும் வகையாக இருந்தால் பேருந்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுப்பது சிரமம். கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பினால் கேமரா கண்ணாடியின் மேல் ஃபோகஸ் செய்துவிடும். மலைக்குறி போட்ட 'தூரக்காட்சி' முறை இருந்தால் அதைப் போட்டுக்கொண்டால் ஃபோகஸ் தொலைவுக்குப் பூட்டிக்கொள்ளும். ஜன்னலோர இருக்கைக்காரர்களுக்கு அது அவசியமான வசதி.

இப்போது பழைய கேமரா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். பேட்டரி போட்டு, ஜூமை நாலைந்து முறை முழுக்க வெளியே தள்ளி உள்ளே இழுப்பேன். மோட்டார் சத்தம் ஒரே சீராக வர வேண்டும். பாதியில் திணறினாலோ, குழாயை விரலால் லேசாக அசைத்தால் தளதளவென்று ஆடினாலோ வேண்டாம். இந்தக் குழாய்தான் முதலில் போகும் உறுப்பு. அதற்குள் மடங்கி மடங்கி நீளும் ஒரு மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் ஓடுகிறது. அது அறுந்தால் ஷட்டரும் போச்சு, ஃபோகஸும் போச்சு. உதிரிபாகம் கிடைக்காது, அதே மாடலின் செத்துப்போன இன்னொரு கேமராவிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

அப்புறம் பின்கதவைத் திறந்து, உள்ளேயிருந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி ஷட்டரைத் தட்டுவேன். கண் சிமிட்டுவதுபோல ஒரு வெளிச்சப் புள்ளி வந்துபோக வேண்டும். ஜூமை உள்ளே இழுத்து ஒருமுறை, முழுக்க நீட்டி ஒருமுறை, இருட்டு மூலையை நோக்கி ஃபிளாஷ் இல்லாமல் ஒருமுறை. மூன்றாவதில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பது தெரிய வேண்டும், தெரிந்தால் வெளிச்சமானி உயிரோடு இருக்கிறது. லென்ஸை ஒரு டார்ச்சுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலைக் கோடுகளாகத் தெரியும். கதவின் கொக்கி, அதன் ஓரத்திலுள்ள நுரைப்பட்டை, டிஎக்ஸ் படிக்கும் தங்க நிற ஊசிகள் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடைசியாக ஃபிளாஷ். சார்ஜ் ஆக ரொம்ப நேரம் எடுத்தால் முதலில் புது பேட்டரி போட்டுப் பாருங்கள். சிஆர்123ஏ லித்தியம் பேட்டரி பழசானால் ஜூம் மோட்டாரும் சோர்ந்துபோகும், கேமரா கெட்டுவிட்டதாகத் தோன்றும்.

தேதி அச்சடிக்கும் பின்கதவு உள்ள மாடல்கள் நிறைய. அவற்றில் பலவற்றின் நாட்காட்டி 2019-உடன் முடிந்துவிடுகிறது. தேதியை அணைத்து வைத்துவிடுவதே நல்லது. நாளும் மாதமும் மட்டும் வேண்டும் என்றால் அந்த வருடக் கட்டுப்பாடு அவ்வளவாக உறுத்தாது.

தினசரிப் பயன்பாட்டில் இன்னொன்று, ஒரு ரோல் பல வாரம் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கேமராவை விட்டுவிடாதீர்கள், ஃபிலிமுக்குச் சூடு ஆகாது. ஃபுஜியின் பல காம்பாக்ட்கள் ஃபிலிம் போட்டதும் முழுவதையும் முதலிலேயே வெளியே சுற்றிவிட்டு, எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாக உருளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். தப்பித்தவறி கதவு திறந்தாலும் எடுத்த படங்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். பையில் உருண்டுகொண்டே இருக்கும் கேமராவுக்கு இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! விமானப் பயணம் என்றால் கைப்பையைப் பார்க்கும் புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்களுக்குள் ஃபிலிமை அனுப்பாமல், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். டெவலப் செய்யாத ஃபிலிமை அந்த ஸ்கேனர் புகைபடிந்தது மாதிரி ஆக்கிவிடும்.

என்னுடையது ஒருநாள் நிற்கும். குழாய் நீளும்போது இப்போதே லேசாக ஒரு கரகரப்பு கேட்கிறது. அதற்கப்புறம் நான் தேடப்போவது இதைவிட நீளமான ஜூமை இல்லை. காண்டாக்ஸ் டிவிஎஸ் 28-56-உடனும், லைக்கா மினிலக்ஸ் ஜூம் 35-70-உடனும் நிறுத்திக்கொண்டன. இரண்டும் தொடங்குவது எஃப்3.5, முடிவது எஃப்6.5. அந்த யோசனைதான் எனக்குச் சரி என்று படுகிறது. அவ்வளவு உயர்ந்த பெயரெல்லாம் வேண்டாம். 35-70 லென்ஸ், சட்டைப்பையில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை என்கிற கொஞ்சம் தடித்த உடல், அணைத்துப் போட்டாலும் மறக்காத ஃபிளாஷ் நிறுத்தம், ஒரு மலைக்குறி. 1980களின் கடைசியில் வந்த பருமனான ஜூம் கேமராக்களில் இந்த வகை லென்ஸ் நிறைய உண்டு. 140-க்கும் 160-க்கும் ஆசைப்படுபவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் அவை இன்னும் கைக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கின்றன. நல்ல நிலையில் ஒன்றைக் கண்டால், ஃபிளாஷை நிறுத்தி அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்கும் அதன் மாடல் எண்ணைச் சொல்லுங்கள்.